செத்த சர்வரை 'ஓடுது'ன்னு சொல்ற ஸ்கிரிப்ட்

நாளைக்கு ப்ராஜெக்ட் ரிவ்யூ. உங்க டீமோட ஷெல் ஸ்கிரிப்ட் "சர்வர் ஓடுது"ன்னு சொல்லுது. ஆனா பிரவுசர்ல பேஜ் திறக்கவே மாட்டேங்குது. இந்த இடத்துல பிரவுசரை நம்புங்க, ஸ்கிரிப்டை சந்தேகப்படுங்க.

லினக்ஸ்ல நாம வழக்கமா எழுதுறது ஒரே வரிதான்: பிஎஸ் தர்ற ப்ராசஸ் பட்டியலை பைப் வழியா கிரெப்புக்கு அனுப்பி, சர்வர் பேரைத் தேடுறது. சிக்கல் என்னன்னா, கிரெப்பும் ஒரு ப்ராசஸ்தான். நீங்க தேடுற பேர் அதோட கமாண்ட் வரியிலயே இருக்கு. அதனால சர்வர் செத்திருந்தாலும் கிரெப் தன்னையே கண்டுபிடிச்சு "இருக்கு"ன்னு சொல்லிடும்.

இதுக்கு பதிலா பிகிரெப் பயன்படுத்துங்க. அது தன்னைத்தானே கணக்குல சேர்க்காது. ஆனா அதுலயும் மூணு விஷயம் கவனிக்கணும்.

ஒண்ணு, பிகிரெப் சாதாரணமா ப்ராசஸ் பேரை மட்டும்தான் பார்க்கும். உங்க சர்வர் பைத்தான் ஃபைல்னா, ப்ராசஸ் பேர் பெரும்பாலும் 'பைத்தான்3'. ஃபைல் பேரைத் தேடினா எதுவும் கிடைக்காது.

ரெண்டு, லினக்ஸ் அந்தப் பேர்ல முதல் 15 எழுத்தைத்தான் வச்சிருக்கும். அதைவிட நீளமான பேரைத் தேடினா, ஓடுற ப்ராசஸும் சிக்காது.

மூணு, முழு கமாண்ட் வரியையும் தேட 'மைனஸ் எஃப்' போடலாம். ஆனா அதே ஃபைலை யாராவது விம்ல திறந்து வச்சிருந்தா அதுவும் மாட்டும். உங்க ஸ்கிரிப்டோட பேர்லயே சர்வர் பேர் இருந்தா ஸ்கிரிப்டும் மாட்டும். சந்தேகம் வந்தா 'மைனஸ் ஏ'வும் சேர்த்து ஓட்டுங்க. சிக்கின ஒவ்வொரு ப்ராசஸோட முழு வரியும் தெரியும்.

இதெல்லாம் சரியா இருந்தும் சர்வர் பதில் சொல்லாம இருக்கலாம். டேட்டாபேஸுக்காகக் காத்துக்கிட்டு அப்படியே நின்னிருக்கலாம். இல்லன்னா செத்தும் பட்டியலை விட்டுப் போகாத ஸோம்பியா இருக்கலாம்; பிஎஸ்ல அதோட நிலை 'இசட்'னு காட்டும்.

அதனால கடைசி சோதனையா கர்ல் வச்சு அந்த போர்ட்டுக்கே ஒரு ரிக்வெஸ்ட் அனுப்புங்க. அஞ்சு நொடி டைம்அவுட் கொடுங்க. பதில் வந்தா மட்டும் "ஓடுது"ன்னு பிரிண்ட் பண்ணச் சொல்லுங்க.

ஸ்கிரிப்ட் முடிஞ்சதும் சர்வரை நீங்களே நிறுத்திட்டு ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. அப்பவும் "ஓடுது"ன்னு வந்தா, ரிவ்யூவுக்கு முன்னாடியே தப்பைப் பிடிச்சாச்சு.