கவியும் குடியும்: கல்முனைக் கரையோர முஸ்லிம்களின் வாய்மொழி மரபு பற்றிய ஒரு நோக்கு

நாட்டார் பாடல்களைத் தொகுத்து நூலாக்குவதோடு நாட்டார் வழக்காற்றியலின் பணி நிறைவுற்றுவிடுகின்றது என்ற எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வந்துள்ளது. பாடலைப் பாடியவர் யார், எந்த வீட்டில், எவ்வேளையில், யாரை நோக்கிப் பாடினார் என்னும் வினாக்களைத் தொகுப்பாளர் பலர் எழுப்பவில்லை. இவ்வினாக்களை ஒதுக்கிவிட்டால் பாடலின் பொருளே மாறிவிடும் என்பதற்குக் கல்முனைக் கரையோரத்து முஸ்லிம்களின் ‘கவி’ மரபு தக்க சான்றாகும். அம்மரபை அதனை வளர்த்த சமூக அமைப்போடு பொருத்தி நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தெற்கு நோக்கித் தொடரும் இவ்வூர்களும், உள்நாட்டே அமைந்த சம்மாந்துறையும், 1961 இல் அம்பாறை மாவட்டம் தனியாகப் பிரிக்கப்படும் வரை மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்தனவாகும். கிழக்கே கடல்; மேற்கே வயல். கரைவலையும் நெற்செய்கையும் மக்களின் முக்கிய தொழில்களாக அமைந்தன. மருதமுனையில் கைத்தறி நெசவும், பல ஊர்களில் பெண்களின் பன்பாய் இழைப்பும் இவற்றோடு இணைந்தன. அயலிலுள்ள தமிழ் ஊர்களோடு மொழியையும் களத்துமேட்டு வழக்குகளையும் இம்மக்கள் பகிர்ந்துகொண்டனர்.

இவர்களது சமூக அமைப்பின் அடித்தளம் குடி முறையாகும். பிள்ளை தாயின் குடியைச் சேரும். தந்தையின் குடியை அன்று. தாய்வழி உறவின் நெருங்கிய கிளை ‘வயிற்றுவார்’ எனப்படும். ஒரே குடியில் மணஞ் செய்தல் விலக்கப்பட்டது. பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிகளின் சார்பில் மரைக்கார்மார் இடம்பெற்றனர். இதே தாய்வழிக் குடி முறை மட்டக்களப்புத் தமிழரிடத்தும் உண்டு. அங்கு கோயில் நிருவாகத்தில் வண்ணக்கர் இடம்பெறுவர். சமயத்தால் வேறுபட்ட இரு சமூகங்கள் ஓர் உறவுமுறையால் ஒத்திருந்தன என்பது மனங்கொள்ளத்தக்கது. அக்கரைப்பற்றில் நீண்டகாலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இவ்வொப்புமையை விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார்.

குடி முறையோடு இணைந்தது வீட்டுரிமை. மகளுக்கு மணம் பேசும்போது அவளுக்கென வீடு அமைத்துச் சீதனமாகக் கொடுத்தல் வழக்கம். மணமகன் மணமகளின் வீட்டுக்கு வந்து வாழ்வான். சகோதரிகளின் வீடுகள் ஒரே வளவிலோ அடுத்தடுத்த வளவுகளிலோ அமையும். எனவே, இங்கு மணத்தால் இடம்பெயர்பவன் ஆணே; பெண் தான் பிறந்த வளவைச் சூழ்ந்தே வாழ்ந்து முடிக்கின்றாள்.

இதன் விளைவு வாய்மொழி மரபில் தெளிவாகப் புலப்படுகின்றது. குழந்தைக்கு நொடி போடுபவளும், ராசா ராணிக் கதை சொல்பவளும், தாலாட்டுபவளும் பெரும்பாலும் உம்மம்மாவே. ஏனெனில் அவள் அதே வளவில் இருக்கின்றாள். தாயின் தாயிடமிருந்து பேத்திக்கு வீடு செல்வதைப் போலவே கதையும் செல்கின்றது.

அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள பெரிய பிளாஸ்கெட் தீவு இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. கேலிக் மொழி வழங்கிய மீனவர் தீவு அது. அதன் புகழ்பெற்ற கதைசொல்லியான பெக் சேயர்ஸ் (1873–1958) பெருநிலத்திற் பிறந்து, மணத்தால் தீவுக்கு வந்தவர். தந்தையிடம் கேட்ட கதைகளைக் கணவனின் ஊருக்குக் கொண்டுசென்று அவர் சொன்னார். அங்கு மணப்பெண்ணோடு கதை கடல் கடந்தது. இங்கோ பெண் பெயராமையால் கதை வளவிலேயே வேரூன்றியது. கதை பரவும் வழியை மணமுறை நிருணயிக்கின்றது என்பதற்கு இவ்விரு கரைகளும் எடுத்துக்காட்டுகளாகும்.

இனிக் கவியை நோக்குவோம். நான்கடி அளவில் அமையும் இப்பாடல்களைக் ‘கவி’ என்றே மக்கள் வழங்குவர். வயற்காவலின் பரணிலும், வண்டிப் பயணத்திலும், பெண்கள் கூடிப் பாய் இழைக்கும் திண்ணையிலும் இவை பாடப்பட்டன. நிந்தவூரைச் சேர்ந்த எஸ். முத்துமீரான் முதலியோர் இவற்றைத் தேடித் தொகுத்தமை பாராட்டுக்குரிய பணியாகும். ஆயினும் காதற் கவிகளைப் படிப்போர் பலர் அவற்றில் இளையோரின் இன்ப உணர்வை மட்டுமே காண்கின்றனர். அக்கவிகளில் மீண்டும் மீண்டும் வரும் ‘மச்சான்’, ‘மச்சி’ என்னும் விளிகள் வெறும் செல்லச் சொற்களாகக் கொள்ளப்படுகின்றன.

இது முழு உண்மையன்று. உம்மாவின் சகோதரியின் மகன் காக்கா அல்லது தம்பி. அவன் தன் குடியினன். மாமாவின் மகனோ, மாமியின் மகனோதான் மச்சான். தாயின் சகோதரி பிள்ளைகளை மணப்பதை இஸ்லாமியச் சட்டம் தடைசெய்யவில்லை. குடி வழக்கே அதனைத் தடுத்தது. ஆகவே ‘மச்சான்’ என்று விளிப்பவள் ஒருவனை மணத்துக்கு உரியவனாகச் சுட்டுகின்றாள். அவ்விளியில் ஆசை உண்டு. அதனோடு உரிமையும் உண்டு. சொன்ன சொல் தவறியவனைக் கவியில் அவள் இடித்துரைக்கும்போது அதனைத் தனிமனிதப் புலம்பலாக மட்டும் கொள்ளலாகாது. உறவின் கடமையை நினைவூட்டும் குரலாகவும் கொள்ளல் வேண்டும். அவன் வந்து சேரவேண்டிய வீடு அவளுடையது என்பதை உணர்ந்தால் அக்குரலின் உறுதி நமக்கு விளங்கும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் அவசியமாகும். தாய்வழிக் குடி முறையைப் பெண்ணாட்சி எனக் கொள்ளுதல் தவறு. மரைக்கார் பதவி ஆண்களுக்கே உரியது. சீதன வீட்டைக் கட்டுவதற்காகத் தந்தையும் சகோதரரும் ஆண்டுக்கணக்கில் உழைத்தனர். வீடு கொடுக்க வழியற்ற ஏழைக் குடும்பத்துப் பெண்கள் மணமின்றிக் காத்திருந்தனர். போடியார் வீட்டு மகளின் நிலையும் வயற்கூலியின் மகளின் நிலையும் ஒன்றல்ல. கவிகளில் ஒலிக்கும் ஏக்கத்தின் ஒரு பகுதி இவ்வர்க்க வேறுபாட்டிலிருந்து பிறப்பது என்பதை முற்போக்கு ஆய்வாளர் புறக்கணித்தல் இயலாது.

இம்மரபு தளர்ந்தமைக்குப் பல காரணங்கள் உள. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் நீர்ப்பாசனத்தையும் குடியிருப்பையும் மாற்றியது. உழவு இயந்திரத்தின் வருகையோடு சூடடிக்கும் மாடுகளும் களத்துப் பாடல்களும் ஒருங்கே மறையலாயின. 1985 இலும் 1990 இலும் மூண்ட தமிழ்–முஸ்லிம் வன்செயல்களால் ஒரே வயல்வெளியில் அருகருகே உழைத்தோர் ஒருவரையொருவர் அஞ்சும் நிலை உருவாயிற்று. மணவீட்டுக் குரவை, பக்கீர்மாரின் தாயிராப் பாடல், நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகை நினைவாகக் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நிகழும் கொடியேற்றம் ஆகியன சமயச் சீர்திருத்தவாதிகளின் கண்டனத்துக்குள்ளாயின. பெண்ணின் காதற்கவி நாணத்துக்குரியதாகக் கருதப்பட்டமையால், பாடத் தெரிந்தோரும் வாய்திறக்கத் தயங்கினர்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. இலங்கையில் மிகக் கூடுதலான உயிரிழப்பு நேர்ந்தது அம்பாறை மாவட்டத்திலேயாகும். கதை சொன்னவர்களும் கேட்க வேண்டியவர்களும் ஒரே காலையில் மாண்டனர். பின்னர் கிழக்குக் கரையில் 200 மீற்றர் அளவுக்கு வீடு கட்டுதல் தடைசெய்யப்பட்டபோது, சகோதரிகளின் வளவுகள் கலைந்தன. நிவாரண வீடுகள் பல இடங்களில் ‘குடும்பத் தலைவர்’ என்ற பெயரில் ஆண்களுக்கு எழுதப்பட்டமையைப் பெண்ணிலைவாத ஆய்வாளர் சுட்டிக்காட்டியுள்ளனர். தாய்வழியே வந்த வீட்டுரிமையை ஓர் அலுவலகப் படிவம் கண்டுகொள்ளவில்லை. இது சட்டப் பிரச்சினை மட்டுமன்று. கவி எந்த உரிமையின்மீது நின்று பேசியதோ அவ்வுரிமையே இங்கு ஆட்டங்கண்டது.

பிளாஸ்கெட் தீவிலிருந்து எஞ்சியிருந்த மக்கள் 1953 இல் வெளியேற்றப்பட்டனர். ஆயினும் அதற்கு முன்பே அவர்களது கதைகள் பதிவாகியிருந்தன. 1935 இல் அமைக்கப்பட்ட அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணைக்குழு பெக் சேயர்ஸ் கூறிய நூற்றுக்கணக்கான கதைகளை எழுதிக்கொண்டது. 1937 முதல் ஆரம்பப் பாடசாலை மாணவர் ஏறத்தாழ 50,000 பேர் தத்தம் ஊர் முதியோரிடம் கதைகளைக் கேட்டுக் குறிப்பேடுகளில் எழுதினர். பாட்டியிடம் பேரப்பிள்ளை கேட்டெழுதும் இம்முறை, உம்மம்மாவே கதையின் ஊற்றாக உள்ள நம் கரைக்குச் சாலப் பொருந்தும்.

கரையோரப் பாடசாலைகளும் ஒலுவிலில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இணைந்தால் இப்பணி இயலாததன்று. பாடலோடு பாடியவரின் ஊர், குடி, தொழில், பாடிய சந்தர்ப்பம், பாடலில் விளிக்கப்படுபவரின் உறவுமுறை ஆகியனவும் அவரது இசைவோடு பதியப்படல் வேண்டும். அயலிலுள்ள தமிழ் ஊர்களின் கவிகளும் உடன் சேர்க்கப்படல் வேண்டும். இரண்டையும் பிரித்துத் தொகுப்பது வரலாற்றுக்கு மாறானது. பாய் இழைக்கும் பெண்ணின் நான்கடிக் கவியை அவளது வீட்டோடும் உறவோடும் உழைப்போடும் சேர்த்துப் படிக்கும்போதே அது இலக்கியமாகவும் சமூக ஆவணமாகவும் நமக்குப் பயன்படும் என்பது எமது துணிபாகும்.