காங்கோ தேசத்தின் ஐசுவரியம்

ஆப்பிரிக்காவின் மத்தியில் உள்ள காங்கோ ஜனநாயகக் குடியரசு, விஸ்தீரணத்தில் அக்கண்டத்தின் இரண்டாவது தேசமாகும். சுமார் 23 லட்சம் சதுர கிலோமீட்டர். அதன் பெருநதி பூமத்திய ரேகையை இருமுறை கடக்கிறது. ரேகைக்கு வடக்கே மழை குறையும் மாதங்களில் தெற்கே பெய்யும். தெற்கே குறையுங்கால் வடக்கே பெய்யும். ஆதலின் வருஷ முழுதும் பிரவாகம் குன்றுவதில்லை. சமுத்திரத்தை அடையுமுன் இங்கா என்னுமிடத்தில் அது சுமார் 96 மீட்டர் இறங்குகிறது. அங்கே 40,000 மெகாவாட் மின்சாரம் எடுக்கலாமென்பது நிபுணர் மதிப்பு. 1972-லும் 1982-லும் முடிந்த இரு நிலையங்களின் சக்தியோ 1,800 மெகாவாட்டுக்கும் குறைவே.

அம்மின்சாரத்தைக் கட்டாங்காவின் செம்பு, கோபால்ட் சுரங்கங்களுக்குக் கொண்டுசெல்ல 1,700 கிலோமீட்டர் தூரம் கம்பி போட்டார்கள். வழியிலுள்ள கிராமங்களுக்கு அதிலிருந்து ஒரு கிளைகூட விடவில்லை. நேர்மின்சாரத்தை இடையே இறக்குவது செலவு பிடிக்கும் என்பார்கள். மெய்தான், சுரங்கத்துக்கு மட்டும் செலவு எங்கிருந்து வந்தது?

1885 முதல் 1908 வரை பெல்ஜிய அரசர் லியோபோல்டு ரப்பருக்காக அந்த ஜனங்களை வதைத்தார். 1945-ல் ஹிரோஷிமாவை அழித்த குண்டின் யுரேனியத்தில் பெரும்பகுதி அந்த மண்ணினின்றே சென்றது. 1960-ல் சுதந்திரம் வந்தது. பொருள் வெளியேறும் வழி மாறவில்லை. இங்காவில் மூன்றாம் நிலையத்துக்கு நெடுநாளாய் யோசனை நடக்கிறது. அதில் 2,500 மெகாவாட் வாங்கத் தென்னாப்பிரிக்கா 2013-ல் உடன்படிக்கை செய்துகொண்டது. அந்தக் கம்பியேனும் வழியிலுள்ள குடிசைகளுக்கு விளக்கேற்றுமா என்று கேட்கிறோம்.