கண்ணிற் பட்ட குறையும் படாத குறையும்

பெருந்தேர் ஓடுவதற்குச் சிற்றாணி வேண்டும் என்பதை யாவரும் அறிவர். கணினிக்கும் இவ்வுண்மை பொருந்துமென்பதை அண்மையில் நாம் நேரிற் கண்டோம்.

எம்மிடம் பயிலும் மாணவன் ஒருவன், தாயார் சீட்டுக்கட்டிச் சேர்த்த பணத்திற் பழைய தாய்ப்பலகையொன்றை வாங்கினான். அதைப் பொருத்துதற்கு, எவரோ கழித்துவிட்ட வெறும்பெட்டி ஒன்றும் கிடைத்தது. பலகையுடன் வரவேண்டிய பின்புற மூடுதகடும், பெட்டியுடன் வரவேண்டிய பித்தளைக் குற்றிகளும் காணப்படவில்லை.

"சேர், பின்பக்கம் திறந்தபடி கிடக்குது, அதுதான் யோசனை. குற்றி இல்லாட்டி என்ன, பலகையை அடித்தகட்டிலேயே வைச்சு இறுக்கலாம்தானே?" என்றான்.

"பொறு தம்பி" என்று தடுத்தோம்.

1995ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் வகுத்த ஏ.ரி.எக்ஸ் அளவுத்திட்டத்தின்படி முழுப்பலகை 305 மில்லிமீற்றர் நீளமும் 244 மில்லிமீற்றர் அகலமும் உடையது. பெட்டியின் பின்வாயில் ஏறத்தாழ 159 மில்லிமீற்றருக்கு 44 மில்லிமீற்றர். வாயிலின் அளவு பொதுவாயினும், தகட்டிலுள்ள துளைகள் பலகைக்குப் பலகை வேறுபடும். எனவே பிறிதொரு பலகையின் தகடு பொருந்துதல் அரிது. தகடின்றேல் தூசி புகும். பல்லியும் கரப்பானும் குடியேறும். அயலிலுள்ள வானொலியில் இரைச்சல் எழவுங்கூடும். ஆயினும் கணினி இயங்கும்.

குற்றிகளின் நிலை வேறு. பலகையின் அடிப்புறத்திற் பற்றாசு முனைகள் எங்கும் துருத்தி நிற்கின்றன. அவற்றுட் சில 12, 5, 3.3 வோல்ற்று மின்னைத் தாங்குவன. பெட்டியின் அடித்தகடோ மின்வழங்கியின் புவித்தொடுப்புடன் இணைந்த உலோகம். இரண்டும் தொட்டாற் குறுஞ்சுற்று நிகழும். நல்ல மின்வழங்கி தானாகவே அணைந்துவிடும். அல்லாக்காற் பலகை கருகிப்போகும். இவ்விரண்டிற்கும் இடையில் ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் வெளியை அமைத்துத் தருவன அச்சிறு குற்றிகளே.

வேறொரு பழைய பெட்டியிலிருந்து குற்றிகளைக் கழற்றி எடுத்தோம். அவற்றின் புரி இருவகைப்படும். கையால் எளிதிற் செல்லாததை வலிந்து முறுக்கலாகாது. பலகையில் ஒன்பது துளைகள் இருந்தன. அவற்றிற்கு நேராக மட்டும் ஒன்பது குற்றிகளை நிறுத்தினோம். துளையில்லாத இடத்தில் நிற்கும் ஒரு மிகைக்குற்றியும் குறுஞ்சுற்றை விளைவிக்கும் என்பதை மாணவர் நினைவிற் கொள்க. பின்வாயிலுக்குத் தடித்த காகித மட்டையை அளவாக வெட்டிப் பொருத்தினோம். மட்டை மின்னைக் கடத்தாது. தூசியை ஒருவாறு தடுக்கும்.

மின்னைக் கொடுத்ததும் விசிறி சுழன்றது. திரையில் எழுத்துகள் தோன்றின. அதுகாறும் வாயிற்படியில் நின்றிருந்த தாயார், "இனிப் பழுதாகாதே ஐயா?" என வினவினார்.

"பின்பக்க மட்டை கிழிந்தால் வேறொன்று வெட்டலாம் அம்மா, பலகை இனித் தகட்டைத் தொடாது" என்றோம்.

கண்ணிற் பட்ட குறைக்கு வருந்திய மாணவன், படாத குறையால் தாயாரின் சேமிப்பை ஒரு நொடியில் இழக்கவிருந்தான். இல்லாத உறுப்பு எதுவாயினும், அதன் தொழில் யாதென முதலில் வினவுக. திருகாணியைப் பின்னர் எடுக்கலாம்.