சளிக்குக் கேட்டு வாங்கும் மருந்து

காய்ச்சல், தொண்டைவலி என்று ஷா ஆலம் கடை வரிசையில் உள்ள கிளினிக்குக்குப் போகிறோம். சற்று நேரத்தில் எம்.சி.யும் மருந்துப் பையும் கைக்கு வந்துவிடுகின்றன. பையில் ஆண்டிபயாட்டிக் இல்லாவிட்டால், "டாக்டர் வெறும் பனடோல்தான் கொடுத்தார்" என்று வீட்டில் வந்து குறைப்படுகிறோம். எனக்குக் கவலை தருவது அந்தக் குறைதான்.

சளியும் சாதாரணத் தொண்டைவலியும் பெரும்பாலும் வைரஸால் வருபவை. ஆண்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. ஆனாலும், 2014ஆம் ஆண்டின் தேசிய மருத்துவப் பராமரிப்பு ஆய்வில் எல்லா நோய்களுக்கும் சேர்த்து, அரசு கிளினிக்குகளில் 100க்கு 7 பேருக்கும், தனியார் கிளினிக்குகளில் 31 பேருக்கும் அது எழுதப்பட்டிருந்தது. தனியார் கிளினிக்கில் மருந்து எழுதும் டாக்டரே அதை விற்கவும் செய்கிறார். ஆலோசனைக் கட்டணமோ, 2006ஆம் ஆண்டு விதிமுறைப்படி, பல ஆண்டுகள் 10 முதல் 35 வெள்ளிக்குள்ளேயே நின்றது. டாக்டரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மருந்து தராமல் பேசி அனுப்பியவரிடம் நாம் மறுபடி போகிறோமா?

விழுங்கும் மாத்திரை குடலில் வாழும் பாக்டீரியாக்களையும் தாக்குகிறது. சாகக்கூடியவை சாகின்றன, மருந்தைச் சிதைக்கும் நொதி உள்ள இ.கோலையும் கிளெப்சியெல்லாவும் அந்த இடத்தில் பெருகி, அந்த நொதிக்கான மரபணுவை மற்றவற்றுக்கும் கைமாற்றுகின்றன. பிறகொரு நாள் அதே ஆள் கடுமையான சிறுநீர்த் தொற்றோடு மருத்துவமனையில் சேரும்போது வழக்கமான மருந்து பலிக்காமல் கார்பபீனம் என்ற வலுவான ஆண்டிபயாட்டிக்கை ஊசியாக ஏற்ற வேண்டியதாகிறது. கார்பபீனம் அதிகமாகப் புழங்கும் தீவிர சிகிச்சைப் பிரிவில் அதற்கும் அசையாத அசினெட்டோபாக்டர் தழைக்கிறது. உலர்ந்த கட்டில் கம்பியிலும் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும் கிருமி அது. கழுவாத கையோடு அடுத்த கட்டிலுக்கும் போய்விடும்.

நாட்டின் மருத்துவமனைகளில் எந்தக் கிருமி எந்த மருந்துக்கு அடங்கவில்லை என்ற கணக்கை வைத்திருக்கும் மருத்துவ ஆய்வுக் கழகம் இப்போது இதே ஷா ஆலத்தில், செத்தியா ஆலமில்தான் இருக்கிறது. அந்தக் கணக்கில் பாதிக்கும் மேற்பட்ட அசினெட்டோபாக்டர் கார்பபீனத்துக்குக் கட்டுப்படுவதில்லை. பெரும்பாலும் மிஞ்சுவது கோலிஸ்டின். சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய பழைய மருந்து. அதையாவது காப்பாற்றவே, உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அதைக் கொடுப்பதை மலேசியா 2019 ஜனவரியில் தடை செய்தது.

ஆண்டிபயாட்டிக் தேவையா, எத்தனை நாளைக்கு என்று வார்டில் விசாரிப்பதற்கான நெறிமுறையைச் சுகாதார அமைச்சு 2014இல் வெளியிட்டது. கடை வரிசை கிளினிக்கில் அந்தக் கேள்வியை நோயாளிதான் கேட்க வேண்டியிருக்கிறது.