பாசிக் காப்ஸ்யூல் மூளையைக் காக்குமா?

அதிகம் எரிக்கும் உறுப்பு

உடல் எடையில் மூளையின் பங்கு ஏறத்தாழ 2 சதவீதம்தான். ஆனால் உடல் பயன்படுத்தும் ஆக்ஸிஜனில் சுமார் 20 சதவீதம் அதற்கே போகிறது. செல்கள் ஆற்றலை உண்டாக்கும்போது ஃப்ரீ ராடிக்கல்களும் உண்டாகும். நொதிகள் அவற்றை அடக்கிவிடும். அடக்கும் வேலை பின்தங்கினால் வருவதுதான் ஆக்ஸிஜனேற்ற அழுத்தம். மூளைச் செல்களின் சவ்வில் எளிதில் கெடும் கொழுப்பு அதிகம். பழைய எண்ணெய் சிக்குவாடை அடிப்பதுபோல அந்தக் கொழுப்பும் கெடுகிறது. அல்சைமர், பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் இந்தச் சேதம் காணப்படுகிறது.

ஆய்வகத்தில் தெரிந்தது

இந்தச் சேதத்தைத் தடுக்குமா என்று ஆராயப்படும் பழுப்புக் கடற்பாசியில் ஃபியூகாய்டன், ஆல்ஜினேட் ஆகிய பாலிசாக்கரைடுகள் உள்ளன. சர்க்கரை மூலக்கூறுகள் வரிசையாகக் கோத்த நீண்ட சங்கிலிகள் இவை. நம் மன்னார் வளைகுடாவில் வளரும் சர்காசம் இவ்வகைப் பாசிதான். ஆல்ஜினேட் எடுப்பதற்காக அதைச் சேகரிக்கிறார்கள்.

ஹைட்ரஜன் பெராக்சைடால் தாக்கப்பட்ட செல்களில், ஃபியூகாய்டன் கொடுக்கப்பட்டவை கூடுதலாகப் பிழைப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இத்தகைய சோதனைகளில் அடிக்கடி பயன்படும் பிசி12 செல்கள் எலியின் அட்ரினல் கட்டியிலிருந்து வந்தவை. காப்ஸ்யூல் விளம்பரத்தில் வரும் ‘மூளைச் செல்’ இதுவாகவும் இருக்கலாம்!

வாயிலிருந்து மூளைக்கு

கிண்ணத்தில் உள்ள செல் மீது மருந்தை நேரடியாக ஊற்றலாம். விழுங்கினால் கதை வேறு. இந்தப் பெரிய மூலக்கூறுகளை நம் நொதிகளால் செரிக்க முடியாது. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைத் தாண்டுவதும் கடினம். குடல் பாக்டீரியாக்கள் இவற்றில் சிலவற்றைப் புளிக்கவைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பலன் உண்டென்றால் அது குடல் வழியாக வரலாம் என்பதே பலரது கணிப்பு.

பழுப்புப் பாசியிலிருந்து தயாரித்த ஜிவி-971 என்ற அல்சைமர் மருந்துக்கு 2019 நவம்பரில் சீனா நிபந்தனையுடன் அனுமதி தந்தது. பல நாடுகளில் தொடங்கிய பெரிய பரிசோதனையோ 2022இல் பாதியில் நின்றது. மருந்துக்கே இந்த நிலை என்றால், கடையில் விற்கும் காப்ஸ்யூலை நம்பி மூளையை ஒப்படைக்க என்னால் முடியாது.

வாங்கும் முன்

பழுப்புப் பாசியில் அயோடின் மிகுதி; தைராய்டு கோளாறு உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும். ஃபியூகாய்டனுக்கு ரத்தம் உறைவதைத் தடுக்கும் குணமும் உண்டு. ரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரை சாப்பிடுவோர் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

பாலிசாக்கரைடுக்குக் காப்ஸ்யூல்தான் வேண்டும் என்பதில்லை; பார்லி, ஓட்ஸ் போன்றவற்றின் பீட்டா குளுக்கானும் பாலிசாக்கரைடுதான். அது கெட்ட கொழுப்பைக் குறைப்பது நிரூபணமான செய்தி, விலையும் குறைவு.

வீட்டுப் பெரியவருக்கு மறதி கூடினால் முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பி12 குறைபாடு, தைராய்டு குறைவு ஆகியவற்றாலும் மறதி வரும். ரத்தப் பரிசோதனையில் இரண்டும் தெரிந்துவிடும், சிகிச்சையும் உண்டு.