கம்பெனி பதிவாகுமுன் எழுதும் கடிதங்கள்

மஞ்சள் பயிரிடும் ஓர் ஊரில், சங்கத்தைப் பார்வையிடும் பொருட்டு நாம் சென்றிருந்த சமயம், அங்கத்தினர் ஒருவர் இரண்டு கடிதங்களைக் கொணர்ந்து காட்டினார். முதற் கடிதத்தில், "நமது கம்பெனி அமைந்துவிட்டது என்ற நற்செய்தியை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக் கொள்கிறோம்" என்று கண்டிருந்தது. ஐந்து மாதம் கழித்து வந்த இரண்டாவது கடிதமோ, "தவிர்க்க இயலாத காரணங்களால் கம்பெனி அமைக்கும் பணி தாமதப்படுகிறது" என்றது. "அமைந்துவிட்ட கம்பெனியை மறுபடியும் எப்படி ஐயா அமைப்பார்கள்? எங்கள் பணம் என்னவாயிற்று?" என்று அவர் கேட்டார். கேள்வி நியாயமானதே.

நடந்தது இது. அவ்வூரார் தொண்ணூறு பேர் தலைக்கு ரூ. 1,000 கொடுத்து உற்பத்தியாளர் கம்பெனி ஒன்று அமைக்க முனைந்தனர். அமைப்பாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர், கைசுத்தமானவர். பதிவு வேலையை நகரத்து ஆடிட்டர் ஒருவரிடம் ஒப்புவித்தார். கோரிய பெயர் ஒதுக்கப்பட்டதும் ஆடிட்டர் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் விடுத்தார். அதன் முதல் வாக்கியத்தைக் கண்ட அமைப்பாளர், கம்பெனியே பதிவாகிவிட்டதென்று எண்ணிவிட்டார். பெயர் 20 நாட்களுக்கே ஒதுக்கப்பட்டுள்ளது, அதற்குள் அலுவலகக் கட்டடத்தின் மின்கட்டண ரசீதும் உரிமையாளரின் சம்மதக் கடிதமும் வந்துசேர வேண்டும் என்ற செய்தி மூன்றாம் பாராவில் இருந்தது. அந்தப் பாராவை எவரும் படிக்கவில்லை. கெடு கடந்தது, பெயரும் போயிற்று. இதற்கிடையே அமைப்பாளரும் நண்பர் இருவரும் கம்பெனியின் பெயரில் ரப்பர் முத்திரை செய்து, சாக்கும் தராசும் கடனுக்கு வாங்கிவிட்டிருந்தனர். கடைக்காரர் வந்து கேட்டபோது, "கம்பெனி கொடுக்கும்" என்றனர். எந்தக் கம்பெனி?

இவ்வழக்கு உலகிற்குப் புதியதன்று. 1866-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கிரேவ்ஸெண்ட் என்னும் ஊரில் ஹோட்டல் கம்பெனி ஒன்று தொடங்க ஏற்பாடாயிற்று. கெல்னர் என்பவர் 900 பவுன் பெறுமானமுள்ள மதுச் சரக்கை விற்க முன்வந்து கடிதம் எழுதினார். கம்பெனிக்காக ஒப்புக்கொள்வதாகக் கூறிப் பாக்ஸ்டர் முதலானோர் பதிற்கடிதத்தில் கையொப்பமிட்டனர். அன்று கம்பெனி பதிவாகவில்லை, பின்னரே பதிவாயிற்று. சரக்கு வந்தது, செலவழிந்தது. பணம் தருவதற்குள் கம்பெனி நொடித்தது. கையொப்பமிட்டவர்களே தம் சொந்தப் பொறுப்பில் கொடுக்கவேண்டும் என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். இல்லாத ஒருவருக்காக எவரும் ஏஜெண்டாக இருக்க முடியாது என்பது அவர்கள் கண்ட நியாயம். நமது நாட்டில் 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்துடைப்புச் சட்டம் இதற்கு ஒரு வழி விட்டிருக்கிறது: கம்பெனியின் நோக்கத்திற்கு உட்பட்ட ஒப்பந்தமாக இருந்து, கம்பெனி பதிவான பின் அதை ஏற்று மறுதரப்பாருக்கும் தெரிவித்தால், அது கம்பெனியைக் கட்டும். ஆனால் கம்பெனியே பதிவாகாமற் போனால் ஏற்பதற்கு யார் இருக்கிறார்கள்? சாக்குக் கடை விஷயம் அங்கேதான் நின்றது.

ஆகவே கடிதம் எழுதுவோர் முதலில் கம்பெனி எந்த நாளில் உயிர் பெறுகிறது என்பதைத் தெளிந்திருக்க வேண்டும். உற்பத்தியாளர் கம்பெனிகளுக்கு 2003-இல் சட்டத்தில் இடம் கிடைத்தது. இப்பொழுது 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தில் அவற்றுக்கெனத் தனிப் பகுதி உண்டு. பத்து உற்பத்தியாளர்களேனும் கூடவேண்டும். டைரக்டர்கள் ஐவருக்குக் குறையவும் பதினைவருக்கு மேற்படவும் கூடாது. உழவருக்கு மட்டுமே உரியது என்று நெசவாளர் பலர் கருதுகின்றனர். அது பிழை, கைத்தறிப் பொருளும் சட்டம் கூறும் உற்பத்திப் பொருளே. பெயர் ஒதுக்கீடு, மின்னணுக் கையொப்பம், அமைப்பு விதிகள் இவையாவும் முன்னேற்பாடுகள். பதிவுச் சர்ட்டிபிகேட்டில் குறித்த தேதியே கம்பெனியின் பிறந்த தேதி. அப்பொழுதும் உடனே வியாபாரம் தொடங்கலாகாது. விதிகளில் கையொப்பமிட்டோர் தம் பங்குத் தொகையைச் செலுத்திவிட்டனர் என்ற பிரகடனத்தை 180 நாட்களுக்குள் தாக்கல் செய்யவேண்டும். அதுவரை கடன் வாங்கவும் அனுமதியில்லை.

இவ்வளவையும் அங்கத்தினருக்கு விளக்க வேண்டியதில்லை. அவர் அறிய விரும்புபவை சிலவே. வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது, தம்முடைய பணம் யாருடைய பெயரில் எந்தப் பாங்கில் இருக்கிறது, தாம் என்ன செய்யவேண்டும், அடுத்த கடிதம் என்று வரும்: இவற்றைச் சொன்னாற் போதும். பணத்தைப் பற்றிய வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகின்றனர். சர்ட்டிபிகேட் வருமுன் கம்பெனியின் பெயரில் கணக்கு இருக்க வழியில்லை. ஆகவே பணம் யாரோ சிலருடைய பெயரில்தான் இருக்கும். அதை ஒளிவின்றி எழுதிவிட்டால் பாதிச் சந்தேகம் தீரும். "விரைவில்", "இன்னும் சில நாட்களில்" என்பவை நாம் அறவே வெறுக்கும் சொற்கள். அவற்றால் ஏமாந்தவர் அடுத்த கடிதத்தை நம்பமாட்டார். கைப்பேசிக் குழுவில் குரற்செய்தி அனுப்பினோமே என்று சிலர் கூறலாம். ஆறு மாதம் கழித்து அதைத் தேடி எடுப்பது எளிதன்று. கடிதமோ பீரோவில் இருக்கும்.

அமைப்பாளர் ஆடிட்டரிடமும் ஒன்று கேட்டுக்கொள்ளலாம். அவர் எழுதும் கடிதம் தமிழில் இருக்கட்டும்; நாம் செய்யவேண்டியதும் கெடுத் தேதியும் முதல் வரியில் இருக்கட்டும். கட்டணம் வாங்கும் தொழிலாளரிடம் இதைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

அவ்வூர் அமைப்பாளரும் நாமும் ஒரு மாலை அமர்ந்து எழுதிய கடிதம் இது:

"அன்புடையீர், நமது கம்பெனி இதுவரை பதிவாகவில்லை. முன்னர் 'அமைந்துவிட்டது' என்று எழுதியது எனது பிழை. பெயர் மட்டுமே ஒதுக்கப்பட்டிருந்தது, அதுவும் காலாவதியாயிற்று. வேறு பெயருக்கு இம்மாதம் 4-ஆம் தேதி விண்ணப்பித்துள்ளோம். தாங்கள் செலுத்திய ரூ. 1,000 எனது பெயரிலும் மற்றிருவர் பெயரிலும் உள்ள கூட்டுக் கணக்கில் இருக்கிறது. பாஸ் புத்தகத்தை எவரும் ஞாயிறு காலை எனது இல்லத்தில் பார்வையிடலாம். சாக்கு, தராசு வாங்கிய கடன் எங்கள் மூவருடையது. தங்கள் பணத்திலிருந்து கொடுக்கப்படமாட்டாது. ஆதார், பான் நகல் தராதவர்கள் 15-ஆம் தேதிக்குள் தரக் கோருகிறேன். அடுத்த கடிதம், செய்தி இருப்பினும் இல்லாவிடினும், 30-ஆம் தேதி அனுப்பப்படும்."

கடனைப் பற்றிய வரியை எழுதும்போது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் திண்ணையில் உலாவினார். பின்னர் வந்து எழுதினார். நால்வர் பணத்தைத் திரும்பக் கேட்டனர்; அன்றே கொடுத்தார். எஞ்சியோர் நின்றனர். 30-ஆம் தேதிக் கடிதத்தில், "பெயர் குறித்து இன்னும் பதில் வரவில்லை" என்ற ஒரே வரி இருந்தது. அதைப் பெற்றவர்கள் முணுமுணுக்கவில்லை என்று அறிந்தோம்.

இவ்வாண்டு அவர்களுக்குச் சர்ட்டிபிகேட் வந்துவிட்டது. பதிவான நாளிலிருந்து 90 நாட்களுக்குள் முதற் பொதுக்கூட்டம் கூட்டவேண்டும். 14 நாள் முன்னதாக எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்பவேண்டும். கம்பெனி அமைக்கும் பொருட்டு அமைப்பாளர்கள் செய்த நேரடிச் செலவை அக்கூட்டம் அங்கீகரித்தால் திரும்பப் பெறலாம். பதிவுக் கட்டணத்தையும் ஆடிட்டர் கட்டணத்தையும் அவர் அந்தக் கணக்கில் எழுதியிருக்கிறார். சாக்கையும் தராசையும் எழுதவில்லை. அவற்றைக் கம்பெனி ஏற்றுக்கொள்ளலாமே என்று டைரக்டர் ஒருவர் கூறியபோது, கூட்டம் கேட்டால் பார்ப்போம் என்றாராம். அறிவிப்பின் நகல் ஒன்று நமக்கும் வந்திருக்கிறது. முதல் வரியிலேயே தேதியும் இடமும் இருக்கின்றன.