கொட்டகையில் நிற்கும் காரைப் பட்டணத்துக்கு எதில் ஏற்றுவது?

உத்திரமேரூர் பக்கம் ஒரு கிராமம். வீட்டுக் கொட்டகையில் உங்கள் தாத்தாவின் அம்பாசடர் பல வருடமாக நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் நெல் மூட்டை, மறுபக்கம் கால் உடைந்த கட்டில், கூரை மேல் கோழி. அதைச் சென்னையில் பழைய வண்டி பார்க்கும் மெக்கானிக்கிடம் கொண்டுசேர்க்க வேண்டும். ஏறக்குறைய 90 கிலோமீட்டர். எதில் கொண்டுபோவது?

“இழுக்கிற வண்டிக்கு எவ்வளவு பவர் வேண்டும்?” என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். அதைக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம். அம்பாசடர் சுமார் 1,100 கிலோ. தட்டையான தரையில் அதை இழுக்க ஒரு ஜோடி மாடு போதும். எப்படி மேலே ஏற்றுவது, எப்படிக் கட்டுவது, ஓடுகிற வேகத்தில் எப்படி நிறுத்துவது என்ற மூன்றுக்கும் முதலில் விடை தெரிய வேண்டும். அது தெரிந்தால் எந்த வண்டி என்பது தானாகத் தெரிந்துவிடும்.

ஸ்டார்ட் ஆகிறதே, ஓட்டிக்கொண்டே போனால் என்ன? எஞ்சின் உறுமுவதை நம்பிவிடாதீர்கள். வருடக்கணக்கில் நின்ற வண்டியில் முதலில் கெடுவது பிரேக்தான். ரப்பர் வாஷர்கள் காய்ந்திருக்கும், டயர் வெடிப்பு விட்டிருக்கும். காகித விஷயமும் இருக்கிறது. சொந்தக் காரின் ஆர்.சி. 15 ஆண்டுக்குத்தான் செல்லும். பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்திருக்க வேண்டும். புதுப்பிக்காத, இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டியைச் சாலையில் ஓட்ட முடியாது. வேறொரு வண்டியின் மேல் சரக்காக ஏற்றிப் போகலாம்.

“ஐம்பது வருட வண்டிக்குச் சலுகை உண்டாமே?” உண்டு. 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வந்த திருத்தப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, பெரிதாக மாற்றாத இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்யலாம். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஆனால் அந்தப் பதிவில் கண்காட்சி, பேரணி, எரிபொருள், பழுதுபார்ப்பு போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம். தினப்படி ஓட்டத்துக்கு இல்லை. அதெல்லாம் வண்டி சரியான பிறகு பார்க்க வேண்டியது. இன்றைக்கு நம் வேலை கொட்டகையிலிருந்து பட்டறை வரைக்கும்தான்.

கயிறு கட்டி இழுத்துப் போகலாமா? சட்டம் இதை ரிப்பேரான வண்டியைப் பக்கத்துப் பட்டறைக்குக் கொண்டுபோகும் அளவுக்குத்தான் அனுமதிக்கிறது. இரண்டு வண்டிக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. அந்த வேகத்தில் சென்னை போக மூன்றரை மணி நேரத்துக்கு மேல். அதுவும் ஜி.எஸ்.டி. சாலையில், பின்னால் ஆம்னி பஸ் ஹாரன் அடிக்க! முன் வண்டி நிற்கும்போது பிரேக் இல்லாத உங்கள் கார் எங்கே போய் நிற்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

டிராக்டர் டிரெய்லர்? கிராமத்தில் இதுதான் முதலில் மனசில் வரும், கையிலும் இருக்கும். வயல் நடுவே உள்ள கொட்டகையிலிருந்து தார்ச்சாலை வரை இரண்டு கிலோமீட்டர் என்றால் நானும் தலையாட்டுவேன். அதற்கு மேல் வேண்டாம். பெரும்பாலான டிரெய்லரில் தனி பிரேக் கிடையாது. கரும்புக் கட்டுக்கு ஒத்துவரும் குலுக்கல் காரின் கண்ணாடிக்கு ஒத்துவராது. விவசாயத்துக்கென்று பதிவான வண்டியில் வேறு சரக்கு ஏற்றி விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கை விரித்துவிடும் என்பதையும் மறக்காதீர்கள்.

முன் சக்கரத்தைத் தூக்கி இழுக்கும் கிரேன் வண்டி மலிவாகக் கிடைக்கும். ஆனால் அம்பாசடர், பழைய ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு எல்லாமே பின்சக்கரம் இழுக்கும் வண்டிகள். முன்பக்கத்தைத் தூக்கினால் பின்சக்கரம் சுழலும். அதோடு சேர்ந்து புரொபெல்லர் ஷாஃப்டும் (கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் நீளத் தண்டு) சுழலும். காய்ந்த பேரிங்கை வைத்துக்கொண்டு 90 கிலோமீட்டர் சுழற்ற வேண்டுமா? குரோம் பூசிய பம்பரில் கிரேன் பெல்ட் விழுந்தால் நெளியும். நெளிந்த பம்பருக்கு மாற்று தேடுவது பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவதை விடப் பெரிய வேலை.

இனி, பலர் ஆசைப்படும் விஷயம்: வெளிநாட்டுப் படங்களில் வருவது போல, நம் ஜீப்பின் பின்னால் கொக்கி மாட்டி, ஒரு டிரெய்லரில் காரை ஏற்றி, குடும்பத்தோடு போவது. அழகாகத்தான் இருக்கும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கார் 1,100 கிலோ. காரைத் தாங்கும் இரண்டு அச்சு டிரெய்லரே 600 கிலோ வரை வரும். ஆக 1,700 கிலோ உங்கள் முதுகுக்குப் பின்னால். பிரிட்டனில் வீட்டு வண்டி (கேரவன்) இழுத்துப் போகிறவர்கள் புதியவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள்: இழுபடும் எடை, இழுக்கும் வண்டியின் வெற்று எடையில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அப்படியானால் 1,700 கிலோவுக்கு முன்னால் 2,000 கிலோ வண்டி வேண்டும். நம் ஊர் பொலேரோ சுமார் 1,600 கிலோ. அதன் 85 சதவீதம் 1,360. டிரெய்லரைக் கழித்தால் காருக்கு மிஞ்சுவது 760 கிலோ. மோரிஸ் மைனரும் ஸ்டாண்டர்டு ஹெரால்டும்கூட அந்த இடத்தில் நெருக்கிக்கொண்டுதான் உட்காரும். ஃபார்ச்சூனர் அளவு வண்டி இருந்தால்தான் அம்பாசடரைப் பற்றிப் பேசலாம்.

இதெல்லாம் இழுக்கும் சக்திக்கான கணக்கில்லை, நிறுத்துவதற்கான கணக்கு. பின்னால் வருவது முன்னால் போவதை விடக் கனமாக இருந்தால், நீங்கள் பிரேக் மிதிக்கும்போது அது உங்களைத் தள்ளும். ஐரோப்பாவில் தனி பிரேக் இல்லாத டிரெய்லரின் மொத்த எடை 750 கிலோவைத் தாண்ட அனுமதியில்லை. ஆகவே காரேற்றும் டிரெய்லரில் அதற்கென்று பிரேக் இருக்கிறதா என்பதுதான் வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

டிரெய்லரில் காரை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதும் முக்கியம். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். எஞ்சின் பக்கம் முன்னால் இருக்கும்படி ஏற்றி, அச்சுக்குக் கொஞ்சம் முன்னே பாரம் விழும்படி நிறுத்தினால் அது கிடைக்கும். பாரம் பின்னுக்குப் போனால் வேகத்தில் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். அப்போது பிரேக்கைப் போட்டு மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள்.

“பட்டறையில் சொல்லி ஒரு டிரெய்லர் செய்துகொண்டால்?” மோட்டார் வாகனச் சட்டத்தின் கண்ணில் டிரெய்லரும் ஒரு வாகனம். அதற்குத் தனிப் பதிவு வேண்டும், தனி நம்பர் பலகை வேண்டும், இன்ஷூரன்ஸும் வேண்டும். இரும்பு வாங்கும் முன் காஞ்சிபுரம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். உங்கள் ஜீப் எவ்வளவு இழுக்கலாம் என்று கம்பெனி கையேட்டில் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். போடவில்லை என்றால் இழுக்க வேண்டாம். வருடத்துக்கு நான்கைந்து கண்காட்சிக்குப் போகிறவருக்கு டிரெய்லர் பொருந்தும். ஒரே ஒரு தடவை பட்டறைக்குப் போகிற காருக்காக டிரெய்லர் வாங்குவது, ஒரு கல்யாணத்துக்காக மண்டபம் கட்டுவது போல.

அப்படியானால் மிஞ்சுவது லாரிதான். இதே மாவட்டத்தில் இருங்காட்டுக்கோட்டையிலிருந்தும் ஒரகடத்திலிருந்தும் புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு நீளமான வண்டிகள் கிளம்புகின்றன. உங்கள் ஒற்றைக் காருக்காக அவை கிராமத்துத் தெருவில் திரும்பாது. உங்களுக்கு வேண்டியது ஃபிளாட்பெட் (பின்னுக்கு நகர்ந்து தரையோடு சாயும் தட்டு உள்ள மீட்பு வண்டி). செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் ரெக்கவரி வண்டி வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள். “தட்டு சாயுமா, விஞ்ச் இருக்கா?” என்று இந்த இரண்டையும் கேட்டுவிட்டு வாடகை பேசுங்கள். விஞ்ச் என்பது இரும்பு வடத்தைச் சுற்றி இழுக்கும் உருளை.

சாதாரண லோடு வண்டி போதாதா? டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். அம்பாசடர் 14 அடி 2 அங்குலம். பிரீமியர் பத்மினி 13 அடிக்கு ஒரு அங்குலம் குறைவு. ஹெரால்டு 12 அடி 9 அங்குலம். டாடா 407இன் பாடி சுமார் 10 அடி. மூன்றுமே வெளியே நீட்டும். ‘14 அடி ஐஷர்’ என்று சொல்லி ஒருவர் வருவார். பத்மினிக்கு அது சரி, அம்பாசடருக்கு இரண்டு அங்குலத்தில் கதவு மூடாது. 17 அடி கேளுங்கள். இன்னொன்று: பக்கச் சுவர் உள்ள பாடிக்குள் காரை ஓட்டி ஏற்றினால், கார்க் கதவைத் திறக்க இடம் இருக்காது. ஓட்டினவர் ஜன்னல் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். எல்லோரும் சிரிப்பார்கள், அவரைத் தவிர.

பலகை போட்டு ஏற்றுவதில் ஒரு சின்னக் கணக்கு உண்டு. லாரித் தட்டு தரையிலிருந்து 3 அடி. 6 அடிப் பலகை போட்டால் சரிவு 30 டிகிரி. காரின் மூக்கு பலகையில் இடிக்கும், நடு வயிறு தட்டின் விளிம்பில் உட்காரும், சைலன்சர் பிடுங்கிக்கொண்டு வரும். 12 அடிப் பலகை என்றால் பாதிக்கும் குறைவான சரிவு. அவ்வளவு நீளத்தில் வலுவான இரும்புச் சட்டம் கிடைக்காவிட்டால், நெல் மூட்டை ஏற்றும் குடோன் மேடையைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் கெட்டியான மண்மேட்டில் லாரியின் பின்பக்கத்தை ஒட்டி நிறுத்துங்கள். ஃபிளாட்பெட்டுக்கு இந்தத் தொல்லையே இல்லை. கொஞ்சம் வாடகை அதிகம் கேட்டாலும் நான் அதையே எடுப்பேன்.

வண்டி வருவதற்கு முந்தின நாள் செய்ய வேண்டியவை சில உண்டு. நான்கு டயரிலும் காற்று அடித்து இரவு முழுக்க நிற்கிறதா பாருங்கள். சக்கரம் சுற்றுகிறதா என்று ஒவ்வொன்றாக ஜாக்கி போட்டுத் தூக்கிப் பாருங்கள். பிரேக் ஒட்டிக்கொண்டிருந்தால் மெக்கானிக்கை வரவழைத்து விடுவியுங்கள். ஸ்டியரிங் திரும்ப வேண்டும், கியர் நியூட்ரலுக்கு வர வேண்டும். பழைய பெட்ரோலை வடித்துவிடுங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள். டிக்கியில் யாராவது வைத்த உரச் சாக்கு இருக்கலாம், அதையும்.

விஞ்ச் வடத்தை எங்கே மாட்டுவது? பம்பரில் மாட்டாதீர்கள். அடியில் குனிந்து துருவைப் பாருங்கள். ஹெரால்டுக்கு அடியில் தனி இரும்புச் சட்டம் (சேஸிஸ்) உண்டு. அதன் பக்கக் கிளைகள் துருவில் அரித்துப்போவது வழக்கம், நடுச் சட்டத்தில் மாட்டுங்கள். மற்ற வண்டிகளில் அச்சுக்குப் பக்கத்தில் கெட்டியான இடம். சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணகணவென்று சத்தம் வந்தால் சரி. மண்சட்டியைத் தட்டினாற்போல் மந்தமாக வந்தால் வேறு இடம் தேடுங்கள்.

ஏற்றியாகிவிட்டது. டிரைவர், “சார், ரெண்டு கயிறு போட்டா போதும், நான் எத்தன வண்டி ஏத்தியிருக்கேன்” என்பார். “இருக்கட்டும்ணே, நாலா கட்டிடலாம்” என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு ராட்செட் பெல்ட் (கைப்பிடியை ஆட்ட ஆட்ட இறுகும், தானாகத் தளராத பட்டை). டயரைச் சுற்றிக் கட்டினால் பட்டைகள் அச்சைப் பிடித்திருக்கும், மேலே உடம்பு ஸ்பிரிங்கில் ஆடிக்கொள்ளும். உடம்பைப் பிடித்துக் கட்டினால் ஒவ்வொரு வேகத்தடையிலும் பட்டை தளர்ந்து தளர்ந்து இறுகும். நைலான் கயிறு நீளும், ஆகவே அது வேண்டாம். நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள்.

தார்ப்பாய் போர்த்தலாமா? வேண்டாம். காற்றில் அடித்துக்கொண்டு பெயின்ட்டை உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். பானெட்டைக் கவனியுங்கள். அம்பாசடரின் பானெட் முன்னால் திறக்கும். கொக்கி தளர்ந்திருந்தால் எதிர்க்காற்று தூக்கி விண்ட்ஷீல்டில் அடிக்கும். ஹெரால்டில் நேர்மாறு, அதன் மூக்கு முழுதும் முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். ஆகவே அதைப் பின்னோக்கி ஏற்றக் கூடாது. பழைய ஃபியட் 1100இன் முன்கதவு பின்பக்கக் கீலில் தொங்குவது. காற்று பிடித்தால் சிறகு விரித்துக்கொள்ளும். எல்லாவற்றையும் துணி வைத்துக் கட்டிவிடுங்கள்.

வழியில் ஏதாவது ஆனால் யார் பொறுப்பு? லாரியின் இன்ஷூரன்ஸ் லாரிக்கும் மூன்றாம் நபருக்கும்தான். மேலே இருக்கும் உங்கள் காருக்கு அது உதவும் என்று நினைக்காதீர்கள். 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குச் சட்டமும் அதன் 2011 விதிகளும், பதிவு பெற்ற சரக்கு நிறுவனத்தின் பொறுப்பை வாடகையின் 10 மடங்கோடு நிறுத்துகின்றன. அதிக மதிப்பை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால்தான் கூடுதலாகக் கேட்கலாம். 6,000 ரூபாய் வாடகை என்றால் 60,000. உங்கள் தாத்தா கார் அதற்குள் அடங்குமா? மதிப்பை எழுதிக் கொடுங்கள், அல்லது அந்த ஒரு பயணத்துக்கு மட்டும் சரக்கு இன்ஷூரன்ஸ் எடுங்கள். ஏற்றும் முன் நான்கு பக்கமும் போட்டோ எடுத்து டிரைவருக்கும் அனுப்பிவிடுங்கள். ஆர்.சி. நகல் ஒன்றை அவர் கையில் கொடுங்கள். கார் வேறொருவரிடம் வாங்கியது என்றால் கையெழுத்துப் போட்ட படிவம் 29, 30 நகலும் இருக்கட்டும்.

காலையில் கிளம்புங்கள். புக்கத்துறை கூட்டுச் சாலைக்கு வந்ததும், ஜி.எஸ்.டி.யில் ஏறும் முன் ஓரமாக நிறுத்தச் சொல்லி, நான்கு பட்டையையும் ஒரு சுற்று இறுக்குங்கள். ஊர்ச் சாலையின் வேகத்தடைகளில் எப்படியும் ஒன்றிரண்டு தளர்ந்திருக்கும். டீ குடிக்க நல்ல இடம்கூட. அடுத்தது பரனூர் சுங்கச்சாவடி தாண்டி இன்னொரு முறை.

பட்டறைக்கு வந்ததும் அவசரப்பட்டு எல்லாப் பட்டையையும் ஒரேயடியாக அவிழ்க்க விடாதீர்கள். முதலில் விஞ்ச் வடத்தை மாட்டி இறுக்கச் சொல்லுங்கள், பிறகு பட்டை, கடைசியில் கட்டை. இறங்கும்போதும் பிரேக் இல்லாத அதே கார்தான், இந்த முறை சரிவு உங்கள் பக்கம் பார்த்து இருக்கிறது. பின்னால் யாரும் நிற்க வேண்டாம். சுற்றிலும் கூடி நிற்கும் பையன்களை முதலில் தள்ளிப் போகச் சொல்லுங்கள்.